பத்தொன்பது மாதம் தரை தொடாத கால்

என் மகள் பத்தொன்பது மாதம் வரை தரையில் கால் வைக்கவில்லை. நாங்கள்தான் வைக்க விடவில்லை. இதைச் சொன்னால் இப்போதுள்ள பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டையும் வாய்க்கால் மேட்டில் புதைத்துவிட்டு வந்தவள் நான். மூன்றாவதாவது தங்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரின் அக்கா ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளையின் முதல் கால் கோயில் மண்ணில்தான் படும், சித்திரைத் திருவிழாவில் கொண்டுவந்து இறக்குகிறோம், அதுவரை தரையில் விட மாட்டோம் என்பது நேர்த்தி. புரட்டாசியில் பிறந்தவளுக்குச் சித்திரை வந்தால் ஏழு மாதம். ஏழு மாதம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

அந்தச் சித்திரையில் திருவிழாவே நடக்கவில்லை. முதல் மரியாதை கீழத்தெருவுக்கா மேலத்தெருவுக்கா என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் எல்லா ஊரிலும் கொட்டுச் சத்தம் கேட்டது, எங்கள் ஊரில் மட்டும் கோயில் பூட்டிக் கிடந்தது. அவர்களுக்கு வீம்பு பெரிது. அந்த வீம்புக்கு என் மகளின் கால் இன்னும் ஒரு வருடம் காத்திருந்தது.

வீட்டுக்காரரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். புருசன் இறந்து, பிள்ளையும் இல்லாமல் எங்களோடு வந்து இருந்தவர். நான் நாற்று நடவும் களை எடுக்கவும் போய்விட்டால் குழந்தை அவர் இடுப்பில்தான். இடுப்பை விட்டால் மடி, மடியை விட்டால் சேலைத் தொட்டில். கட்டிலில்கூட விட மாட்டார், உருண்டு தரையில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். அவள் விரலை நீட்டினால் போதும், நீட்டிய பொருள் கைக்கு வந்துவிடும். அதனால் வாயைத் திறந்து ஒரு சொல் கேட்கிற வேலையும் அவளுக்கு இல்லை. எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன், மடச்சி.

மறுவருடம் எப்படியோ சமாதானம் ஆகி, திருவிழா நடந்தது. மஞ்சள் துணி கட்டி, காலுக்குத் தண்டை போட்டு, கோயில் வாசலில் மதினிதான் குழந்தையை இறக்கினார். இரண்டு கால்களும் மடங்கின. தூக்கி நிறுத்தினோம், மறுபடியும் மடங்கின. மூன்றாம் தடவை அவள் வீறிட்டு அழுதாள். கொட்டடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கால் விளங்காத பிள்ளை என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா. நான் என்ன குறை வச்சேன்னு தெரியலையே" என்று மதினி மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியிடம் போனேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, ஒரு கோழி இறகால் பிள்ளையின் உள்ளங்காலில் வருடினாள். கால் வெடுக்கென்று உதைத்தது.

"காலுல ஒரு கோளாறும் இல்லத்தா. இது தவழ்ந்துச்சா?"

"இல்ல."

"எதையாச்சும் பிடிச்சு எந்திரிச்சுச்சா?"

"இல்ல. நேர்த்தி இருந்துச்சு."

"பெறகு எப்பிடி நிக்கும்? வேலையே பாக்காத காலு. கீழ போட்டு வெளையாட விடு. கேட்டதக் கையில குடுக்காத. எட்டாத எடத்துல வையி, அதுவாப் போயி எடுக்கட்டும்."

சொல்லிவிட்டு மாட்டிடம் திரும்பிவிட்டாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் அந்த நிம்மதியெல்லாம் கோபமாகிவிட்டது. நேர்த்திக்குத் தலையாட்டியதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் வாய் அதையெல்லாம் பார்க்குமா?

"இனிமே எம்பிள்ளைய நீங்க தூக்கக் கூடாது மதினி. பெத்திருந்தாத்தான தெரியும்" என்றேன்.

அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

சாணி மெழுகிய முற்றத்தில் பிள்ளையைக் குப்புறப் போட்டேன். மூன்று நாள் ஒரே அழுகை. நான்காம் நாள் காலையில் மாடத்தில் ஒரு காய்ந்த சுரைக்குடுக்கை இருந்தது. உள்ளே புளியங்கொட்டை போட்டு, வாயைத் துணியால் அடைத்திருந்தது. செய்தது யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. அதை உருட்டிவிட்டால் கலகலவென்று ஓடும். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். கையை நீட்டினாள், எட்டவில்லை. வயிற்றால் இழுத்து இழுத்துப் போய்ப் பிடித்தாள். நான் வாங்கி இன்னும் கொஞ்சம் தள்ளி உருட்டினேன்.

பதினைந்து நாளில் முட்டி போட்டுத் தவழ்ந்தாள். குடுக்கையை முறத்துக்கு அடியில் ஒளித்துவைத்தால் முறத்தைப் புரட்டிப் பார்த்தாள். அங்கே இல்லை என்றால் பானைக்குப் பின்னால் தேடினாள். அதுவரை தேடுவது என்றால் என்னவென்றே அறியாத பிள்ளை. உரல் மேல் வைத்தேன், உரலைப் பிடித்து எழுந்து நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு உரலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பிடித்துப் பிடித்துப் போனாள். "தா" என்றாள், "போ" என்றாள். போ என்றது என்னைப் பார்த்துத்தான்.

ஆனால் பிடித்ததை விட மாட்டாள். உரலை விட்டால் உடனே உட்கார்ந்துவிடுவாள். வைகாசி போனது, ஆனி போனது. நான் கையை நீட்டிக் கூப்பிட்டேன், வெல்லக்கட்டியைக் காட்டினேன், அதட்டியும் பார்த்தேன். அசையவில்லை. மருத்துவச்சி சொன்னது தப்பாக இருக்குமோ என்று உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்தது.

ஆடிக் காற்று அடித்த ஒரு நாள், மதினி முற்றத்தின் அந்தக் கோடியில் சோளம் தூற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் அவர் பிள்ளையைத் தொடவில்லை. சொன்ன சொல்லை அப்படியே காத்தார். பிள்ளை உரலைப் பிடித்து நின்று அவரையே பார்த்தாள். கையை விட்டாள். ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. ஆடினாள், விழவில்லை. ஐந்தோ ஆறோ எட்டு வைத்துப் போய் மதினியின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

நடந்துவிட்டாள். இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மதினி முறத்தைக் கீழே போட்டார். குனியவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிள்ளை அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு தடவ தூக்கிக்கிறட்டுமா தாயி?" என்று என்னிடம் கேட்டார்.