காப்ளரும் பேர் வெட்டிய பாத்திரமும்

நான் இருக்கும் ஒஹையோவில் அக்கம்பக்கத்துப் பாத்திரம் எதுவும் நம் வீட்டில் தங்குவதில்லை. குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு லிண்டா மெல்லிய அலுமினியத் தட்டு ஒன்றில் பீச் காப்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். கீழே பழம் குழைந்து கிடக்கும், மேலே மாவைக் கரண்டியால் அங்கங்கே அள்ளிப் போட்டுச் சுட்டிருப்பார்கள்; அதுதான் காப்ளர். சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவி, வெறுமனே கொடுக்கக் கூடாதே என்று மெதுவடை சுட்டு நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். லிண்டா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதைக் குப்பையில் போட்டிருக்கலாமே" என்றாள். அப்புறம், "நீங்கள் பதிலுக்கு எனக்கு எதுவும் தரவேண்டியதில்லை" என்றாள். கனிவாகத்தான் சொன்னாள். எனக்கென்னவோ முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. அன்பாகக் கொடுத்ததற்கு இவன் உடனே கணக்குத் தீர்க்க வந்துவிட்டானே என்று அவளுக்கு வருத்தம். அது எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. பிறகொரு நாள் செய்முறை கேட்டேன். அப்படியொன்றும் கிடையாது, வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதைப் போட்டுச் செய்வதுதான் என்று சிரித்தாள்.

அந்தப் பாடத்தோடுதான் போன ஜூலையில் அபிராமபுரத்தில் என் அக்காவின் அடுக்களையில் நின்றேன். அக்கா சகாயமேரி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள், தனியாள். அவள் வாடகைக்கு இருந்த பழைய கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். எல்லோரும் காலி செய்துகொண்டிருந்தார்கள். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று ஊரில் இருப்பது அக்கா ஒருத்திதான். அவளையும் கையோடு அழைத்துப் போய்விட்டால், தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் பயந்துகொண்டு எடுக்கவேண்டாம் என்பது என் ஆசை. கேட்டதும் "சரி" என்றாள். என்றோ போட்டுவைத்த மனுவுக்கு விசாவும் வந்தது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அடுக்களையில் மிஞ்சியிருந்தவற்றைத் தரையில் பரப்பினேன். கனிந்து கறுக்கத் தொடங்கிய மாம்பழங்கள், உருளை, கேரட், பீன்ஸ், ஒரு மூடித் தேங்காய், அரைப் பாக்கெட் மைதா, வெண்ணெய், புளித்த தயிர். எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். அக்காவின் கவலை வேறு.

"முனீராவோட குண்டான் ஒண்ணு இங்கயே கிடக்குது சேவி. பக்ரீத்துக்குப் பிரியாணி குடுத்து விட்டது. அதை எப்படி வெறுமனா திருப்பிக் குடுக்கிறது?"

முனீரா கீழ்வீட்டுக்காரி. அவள் கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை. அவர்களும் அந்தப் பக்கமே வீடு பார்த்துவிட்டார்கள்.

பரணிலிருந்து, வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் கேக்குக்கு மட்டும் இறங்கும் வட்ட ஓவனை இறக்கினேன். மாம்பழத்தை நறுக்கி, நாட்டுச் சர்க்கரை தூவி, ஏலக்காய் தட்டிப் போட்டேன். மைதாவில் வெண்ணெயைப் பிசிறி, ஆப்ப சோடா சேர்த்துத் தயிர் விட்டுக் கிளறி, மேலே உருட்டி உருட்டி வைத்தேன். அக்கா மூடியின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "கேக்கும் இல்ல, களியும் இல்ல. என்னடா இது?" என்றாள். அதை நாங்களே தின்று தீர்த்தோம். அடுத்த ஈடு கார காப்ளர். காய்களைத் தேங்காய்ப்பாலில் இஞ்சி, பச்சைமிளகாய் போட்டு வேகவைத்து அடியில் ஊற்றினேன். மேலே அதே மாவு, இம்முறை உப்பும் கறிவேப்பிலையும் சேர்த்து. வெந்து வந்ததும் அதை அப்படியே அள்ளி முனீராவின் குண்டானில் வைத்தோம். அக்கா அதைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அடுக்களையும் காலி, திருப்பிக் கொடுக்கவேண்டிய பாத்திரமும் இல்லை. எனக்கு ஏக திருப்தி.

மதியம் முனீரா மாடியேறி வந்தாள். கையில் வேறொரு பாத்திரம் நிறையச் சேமியா பாயசம்.

"இன்னா டீச்சர் அது, மாவு மேல கீது, குருமா கீழ கீது? எங்க வூட்டுக்காரு மொத்தத்தையும் துன்னுட்டு, இன்னும் கீதான்னு கேட்டுக்கினு கீறாரு."

நான் குறுக்கே புகுந்தேன். "நாளைக்கு நாங்க கிளம்புறோமே. இருங்க, வேற ஏனத்துல மாத்திக்கிறேன். உங்க பாத்திரத்தைக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க."

முனீராவின் முகம் சுருங்கியது. "காலிப் பாத்திரத்தையா எடுத்துக்கினு போவேன்? இருக்கட்டும்ணே. டீச்சர் எப்ப வந்தாலும் குடுக்கட்டும்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். லிண்டாவின் வாசலில் நான் நின்ற மாதிரியே அவள் நின்றதும், லிண்டாவைப் போலவே நான் கதவைச் சாத்தியதும் அப்போதுதான் உறைத்தது.

அக்கா பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, விளிம்பில் வெட்டியிருந்த முனீராவின் பேரை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சேவி, என் டிக்கெட்டை ரத்து பண்ணிடுறியா?"

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பாத்திரத்துக்காகவா என்று கத்தினேன்.

"பாத்திரத்துக்காக இல்லடா. அங்க வந்தா என் பாத்திரம் யார் வீட்ல இருக்கும்?"

"நான் இருக்கேனேக்கா."

"நீ இருக்க. நீ வேலைக்குப் போனப்புறம்?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பட்டறைத் தெருவிலேயே ஒரு மாடி அறை காலியாக இருப்பதாக முனீரா எப்போதோ சொல்லியிருக்கிறாள். அக்காதான் என் மனம் நோகுமென்று பேசாமல் இருந்திருக்கிறாள். பயணத்தைத் தள்ளிப்போட்டு, அவள் பெட்டிகளை ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஏற்றிவிட்டுத்தான் நான் விமானம் ஏறினேன். விமான நிலையத்தில் ஒரு சின்னத் தூக்குச் சட்டியை என் கையில் திணித்தாள். அதில் புதிதாய் மாம்பழம் வாங்கி அவளே சுட்ட காப்ளர், கொஞ்சம் தீய்ந்திருந்தது. "தின்னுட்டுக் கழுவி வெச்சுக்கோ. வெறுமனா மட்டும் கொண்டாந்துடாத."

இங்கே இப்போது பீச் காலம். நேற்று காப்ளர் செய்து, லிண்டாவுக்குக் கொடுக்க அந்தத் தூக்கை எடுத்தேன். பிறகு உள்ளே வைத்துவிட்டு அலுமினியத் தட்டிலேயே கொடுத்தேன். லிண்டா நல்லவள், தூக்கைப் பளிச்சென்று கழுவி மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அடுத்த முறை அக்காவுக்கு அந்தத் தூக்கில் எதைப் போட்டு எடுத்துப் போவது என்றும் தெரியவில்லை. சகாயமேரி என்று பேர் வெட்டிய தூக்கு அலமாரியில் இருக்கிறது. இந்த வீட்டில் இரவல் பாத்திரம் அது ஒன்றுதான். சில நாள் அந்த அலமாரியைத் திறக்கும்போது, அதைத் தவிர மற்றதெல்லாம் இரவல் என்று தோன்றுகிறது.