பதினைந்தாம் நாள் வேலைக்கு வந்தவள்

ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்து பதினைந்தே நாளில் அவள் வேலைக்கு வந்து நின்றாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நான் லைன் லீடர். அவள் என் வரிசையில் சிப் சோதிப்பவள். பத்து மணிக்குள் அவளுடைய வெள்ளைச் சீருடை மார்புப் பக்கம் நனைந்துவிட்டது. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது பாலுக்குத் தெரியுமா? சூப்பர்வைசர் வந்து பார்த்தான், வேறு உடை மாற்றச் சொன்னான், போய்விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள், வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, "விடு, தண்ணீர்மலையான் அடுத்தது குடுப்பான்" என்றார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவளுக்குச் சொல்வது போல. அவள் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

நான் வெளியே போய்த் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். இருபத்திரண்டு வாரம் தாண்டிய பிரசவம் என்றால், குழந்தை உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொண்ணூற்றெட்டு நாள் விடுப்பு உண்டு என்றார்கள். அவள் கையைப் பிடித்து ஆபீசுக்கு இழுத்துப் போனேன்.

விடுப்புப் பிரிவில் இருந்தவளும் தமிழ்ப்பெண்தான். "பேபிதான் இல்லையே அக்கா, அப்புறம் எதுக்கு மெட்டர்னிட்டி லீவு?"

"பிரசவம் நடந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு."

ஆபீஸ்காரி மலாயில் நிரப்பிய ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "சாக்கிட் பெருட்னுதானே எழுதியிருக்கு. வயித்து வலிக்கு எப்படி லா மூணு மாசம் குடுக்க?"

அந்தக் கையெழுத்து என்னுடையது. என்னோடு வந்து நின்ற இவளுடைய புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்த அன்று, விடுப்புத் தாளை இவளுக்காக நிரப்பிக் கொடுத்தது நான். போன பிள்ளையைப் பற்றிப் பேசினால் அடுத்த வயிற்றுக்கு ஆகாது என்பார்கள் நம் ஆட்கள். என் கைக்கும் அதே பயம்; வயிற்று வலி என்று எழுதிவிட்டது. இத்தனை வருடம் லைன் லீடராக இருந்து என்ன பிரயோசனம்? மற்றவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து அந்த ஆபீசில் கொட்டினேன். அதற்குள் இவள் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். இருபத்தொன்பது வாரம் என்று அதில் இருந்தது. மேலாளர் வந்தார், படித்தார், யாருக்கோ போன் போட்டுப் பேசினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. புதுத் தாள் ஒன்றைக் கொடுக்கச் சொன்னார்.

பழக்கத்தில் நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நானே எழுதுறேன் அக்கா. என் மவளுக்கு நீங்க வயித்து வலின்னு பேரு வெச்சது போதும்."