நடக்காத அமர்வுக்கு முதலிடம்

நிரப்பவில்லை. காலையில் ஆபீஸ் குரூப்பில் வந்த ஃபீட்பேக் லிங்க்கை நான் திறக்கவே இல்லை. ஏன் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஃபீட்பேக் என்றாலே எனக்கு ஜெராக்ஸ் சூடுதான் ஞாபகம் வருகிறது. மெஷினிலிருந்து அப்போதுதான் வந்த தாள்கள். உள்ளங்கையில் வெதுவெதுப்பு. கொஞ்சம் கருகிய மை வாசனை...

கோவையில் ஒரு பல்கலைக்கழகம். அதன் கம்ப்யூட்டர் சென்டரில் என் முதல் வேலை. இணைப்புக் கல்லூரிகளின் லேப் ஊழியர்களை அழைத்து ஒரு நாள் மாநாடு நடத்தினோம். மாலை நாலு மணிக்கு எனக்கு இருபது நிமிடம்.

தலைப்பு: பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும்.

சின்ன விஷயம்தான். ஆனால் அதற்கு முந்தைய மாதம் ஒரு கல்லூரியில் சர்வர் படுத்துவிட்டது. மதிப்பெண்கள் எல்லாம் அதில். வாராவாரம் தவறாமல் பேக்கப் எடுத்திருந்தார்கள். திறந்தால் உள்ளே எதுவும் இல்லை. ஒரு வகுப்பு முழுக்கச் செய்முறைத் தேர்வை மறுபடி எழுதியது. லேப் வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்தேன்.

அடுத்த செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் எல்லா லேப்புக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

நாலு மணிக்கு மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினருக்கு. அவரை அழைத்து வந்தவருக்கு. அவரை அறிமுகப்படுத்தியவருக்கு. பொன்னாடை வாங்கிக் கொடுத்தவருக்கும் ஒன்று.

நாலரைக்கு நன்றியுரை. ஐந்துக்கு நாட்டுப்பண். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டம் எழுந்தது. நான் பென் டிரைவோடு மேடைப் படியில் நின்றேன்.

மறுநாள் ஃபீட்பேக் ஃபாரங்களை எக்செல்லில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது.

என் அமர்வுக்கு முதலிடம்.

தாளுக்குத் தாள் 'மிக நன்று'. சிலர் கருத்தும் எழுதியிருந்தார்கள். 'எளிமையாக விளக்கினார்.' 'பயனுள்ள உரை.' ஒருவர் மட்டும், 'சற்று வேகமாகப் பேசினார்.'

நான் வேகமாகத்தான் பேசுவேன். அதனால் இன்னும் எரிச்சல்.

ஃபாரத்தைக் காலையில், பதிவு மேசையிலேயே, கொடுத்திருந்தோம். நிரப்பித் தந்தால்தான் சாப்பாட்டு டோக்கன். மேசையில் உட்கார்ந்து கொடுத்தவள் நான்தான். சூட்டோடு.

மாநாட்டுப் பொறுப்பாளர் பொன்னுசாமி சாரிடம் போனேன். குரலே உயராத மனிதர்.

"சார், என் செஷன் நடக்கவே இல்லைங்க."

"தெரியுமுங்க அம்மணி. மார்க்கப் பாத்தீங்களா? நடந்திருந்தா இத்தன வந்திருக்குமா?"

"சிரிக்காதீங்க சார். பரீட்சைக்கு முன்னாடி ஒரு அரைநாள் குடுங்க. மறுக்காக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"எப்படிங்க கூப்பிடறது? ரிப்போர்ட்டு மேல போகுது. அதுல உங்க செஷன்தான் டாப்பு. நல்லா நடந்து முடிஞ்சத எதுக்குங்க மறுக்கா நடத்தறீங்கன்னு கேப்பாங்கல்லோ?"

"அப்போ நடக்கலைன்னு எழுதிடுங்க."

"நடக்காததுக்கு மார்க்கு எப்படிங்க வந்துச்சுன்னு கேப்பாங்க. உக்காருங்க கண்ணு, டீ சொல்றேன்."

டீ வந்தது. குடித்தேன்.

மாநாட்டுக்கென்று ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தை நீளமாக எழுதிப் போட்டேன். வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். ஒருவர் 'இனிய காலை வணக்கம்' என்று ரோஜாப்பூ அனுப்பினார். மணி அப்போது பதினொன்றரை.

சான்றிதழுக்காக ஃபாரத்தில் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் கேட்டிருந்தோம். புரட்டிக்கொண்டிருந்தபோது காங்கேயத்து லேப் அசிஸ்டென்ட் செல்வியக்காவின் தாள் கண்ணில் பட்டது. பதிவு மேசையில் நின்று, நீங்களும் பேசறீங்களா என்று கேட்டவர். அவரும் 'மிக நன்று'. கூப்பிட்டேன்.

"ஏனுங்க்கா, நான் பேசவே இல்லையே. எதப் பாத்து மிக நன்று போட்டீங்க?"

"பின்ன என்னங்க போடறது? சின்னப் பொண்ணு, மொதமொதல்ல பேசப்போகுது. கம்மியாப் போட்டா மனசு சங்கட்டப்படுமல்லோ."

இவரைத் திட்டவா முடியும்?

"சரிக்கா. உங்க லேப்ல பேக்கப் எடுக்கறீங்களா?"

"வெள்ளிக்கெழமையானா எடுத்துப்போடுவனுங்க. ஒரு வாரங்கூட உட்டதில்ல."

"அதத் தொறந்து பாத்திருக்கீங்களா?"

"அத எதுக்குங்க தொறக்கோணும்?"

இருபது நிமிடப் பேச்சை அவருக்குச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வைங்க அம்மணி, பாத்துப்போட்டுக் கூப்பிடறேன் என்றார்.

அரை மணி நேரம் கழித்து அழைத்தார்.

"அம்மணி... ஃபோல்டரு இருக்குதுங்க. உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்க."

அவருடைய தாளின் ஓரத்தில் 'காலி' என்று குறித்துக்கொண்டேன்.

"எத்தன நாளா இப்படிக் கெடக்குதுன்னு தெரியலீங்க. நல்லவேள, சர்வர் நல்லாத்தான் ஓடுது. இன்னைக்கே மறுக்கா எடுத்துப்போடறேன். மத்தவங்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டீங்களா?"

இப்போது எனக்குச் சரவணம்பட்டியில் ஓர் ஐ.டி. கம்பெனியில் வேலை. ஃபீட்பேக் எல்லாம் போனில்தான். தாள் இல்லை, டோக்கன் இல்லை. ஐந்து நட்சத்திரம், விரலால் ஒரு தட்டு. பெயர் கேட்பதில்லை. பெயர் கேட்காவிட்டால் மனம் திறந்து சொல்வார்களாம்.

போன மாதம் நான் எடுத்த வகுப்புக்கு எல்லோரும் ஐந்து போட்டிருந்தார்கள். யாருக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்க யாருடைய நம்பரும் இல்லை... அந்தப் பொய்த் தாள்களில் ஆட்களாவது இருந்தார்கள். அலுப்பில் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குச் செல்வியக்காவிடம், இன்னும் இல்லைங்க்கா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். எக்செல்லை மூடினேன். ஃபாரக் கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மேலே இருந்த தாளின் நம்பரை அழுத்தினேன்.