அணிலின் வாலில் ஓர் எஸ்

தொண்ணூறுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நான் ஜாப் டைப்பிங் சென்டர் வைத்திருந்தேன். சென்டர் என்பது பெரிய வார்த்தை. ஒரு டாஸ் கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் படி, அவ்வளவுதான். எழுத்து வேலைக்கு வேர்ட்ஸ்டார், கணக்குக்கு லோட்டஸ். இரண்டையும் கரைத்துக் குடித்தவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

அந்தப் பேச்சை நம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். விலங்கியலில் எம்.ஃபில். ஆய்வேடு, மேற்கு மலையின் சாம்பல் அணில்களைப் பற்றியது. லீவு நாளெல்லாம் மரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்க ஆங்கிலத்தில் எழுதியது. ஏற்கெனவே ஒரு முறை அவகாசம் வாங்கியிருந்தார். இந்த முறை குறித்த நாளில் மதுரையில் ஆபீஸ் மூடுவதற்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

முந்தின சாயங்காலம் மற்றதெல்லாம் அச்சாகி, கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அப்போது என் கம்ப்யூட்டர் செத்தது. புகை வந்தது, பொறி பறந்தது என்று சொல்ல ஆசைதான். ஒன்றும் வரவில்லை, சும்மா செத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் சிநேகிதன் ஒருவன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தான். விடிந்ததும் அங்கே போய் நின்றேன். டீச்சர் எனக்கு முன்னால் வந்து, கையெழுத்துக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியான பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

"ஏலே, இது விண்டோஸ். ஒன் பழைய மந்திரம்லாம் இதுல பலிக்காது. செத்த நேரம் சொல்லித் தாரேன், கேட்டுக்க" என்றான் சிநேகிதன்.

"சட்டைய மாத்துனா ஆளு மாறிருவானா? நீ போயி டீயக் குடி."

அவன் டீச்சரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான்.

டீச்சர் வாசிக்க, நான் அடித்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸானவன் திரையைப் பார்க்க மாட்டான், சுவரைப் பார்ப்பான். அதுதான் கௌரவம். டீச்சர் மூச்சு வாங்கும்போதெல்லாம் கண்ட்ரோலை அழுத்திக் கே, பிறகு எஸ் அடித்துக்கொண்டேன். வேர்ட்ஸ்டாரில் சேமிப்பதற்கு அதுதான் வழி. அடிக்கடி சேமித்தவன் கெட்டதில்லை.

முக்கால்வாசிக்கு மேல் வந்ததும் டீச்சர் கட்டை இறக்கிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, முந்தின வார்த்தை தப்பு. அது புளிய மரமில்ல, மருத மரம்."

வேர்ட்ஸ்டார் ஊர்க்காரனுக்கு அம்புக்குறி எதற்கு? வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோலோடு ஏ அடித்தால் ஒரு வார்த்தை பின்னால் போகும். அடித்தேன். திரை முழுக்கக் கறுத்தது; விண்டோஸில் அது மொத்தத்தையும் தேர்ந்தெடுக்கும் சாவி என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஏன் கறுக்கிறது என்று மூளை கேட்பதற்குள் விரல் அடுத்த எழுத்தை அடித்துவிட்டது.

வெள்ளைத் திரை. அதன் மூலையில் ஒற்றை எழுத்து.

"எங்க தம்பி?" என்றார் டீச்சர்.

"மேல போயிருக்கு டீச்சர்."

"எம்புட்டு மேல?"

மேலே போய்ப் பார்க்க என் வேர்ட்ஸ்டார் ஊரில் கண்ட்ரோல் டபிள்யூ. அடித்தேன். நடுவில் ஒரு பெட்டி குதித்து நின்றது. மாற்றங்களைச் சேமிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. யெஸ், நோ, கேன்சல். அதே நிமிடம் தலைக்கு மேல் ஃபேன் சுணங்கியது. கரண்ட் போய், மேஜைக்கடியில் யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.

"அது என்ன சத்தம்?"

"பேட்டரி டீச்சர். செத்த நேரம் தாங்கும்."

"பொறவு?"

யெஸ் என்றால் இந்த வெற்றுத் தாளைச் சேமித்து வைக்கும். நோ என்றால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போதுதான் திரையின் உச்சியைப் பார்த்தேன். பெயரே வைக்காத டாக்குமெண்ட். காலையிலிருந்து நான் சேமித்த எதுவும் சேமிக்கப்படவே இல்லை. கேன்சலை நினைக்கவே பயம். எங்கள் பக்கம் கேன்சல் என்றால் கல்யாணம் நின்றுபோனது, பஸ் வராது, ஆர்டர் போச்சு. டீச்சரின் பதிவுக்கும் அதே வார்த்தையைத்தான் மதுரையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

யூபிஎஸ்ஸின் கீச்சல் நெருக்கமானது. டீச்சர் கையெழுத்துக் கட்டின் நூலைச் சுற்றினார், அவிழ்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

என்னிடம் இருந்தது இன்னொரு பழக்கம். லோட்டஸில் கட்டங்களுக்குள் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால் எஸ்கேப்பைத் தட்டி வெளியே வருவேன். தட்டினேன். பெட்டி மறைந்தது. வெற்றுத் தாள் மட்டும் நின்றது.

மேலே இல்லையென்றால் கீழே இருக்கும். கீழே நகர்த்த வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல் இசட். அடித்தேன்.

அணில்கள் அத்தனையும் வந்து இறங்கின. மரங்கள் வந்தன, பட்டியல் வந்தது, தப்பான புளிய மரம்கூட அதே இடத்தில் நின்றது. விண்டோஸில் அது செய்த தப்பைத் திரும்பப் பெறும் சாவி என்பது பிறகு தெரிந்த சங்கதி.

"கீழதான் இருந்துச்சு டீச்சர்" என்றேன், ஏதோ சாவியைத் தேடி எடுத்தவன் மாதிரி.

"மொதல்ல அதச் சேமிங்க."

கண்ட்ரோல் கே, எஸ். திரையில் ஓர் எஸ் விழுந்தது. மறுபடி அடித்தேன். இன்னொரு எஸ். கீச்சல் ஒரே நீளமாக இழுக்க ஆரம்பித்தபோது, டீ வாசனையோடு ஒரு கை என் தோளுக்கு மேல் வந்து மவுஸைப் பிடித்தது. மேலே இருந்த ஃப்ளாப்பிப் படத்தை ஒரு அமுக்கு. பெயர் கேட்டது. அணில் என்று ஆங்கிலத்தில் அடித்து முடித்தான் சிநேகிதன். திரை அணைந்தது.

"சட்டை மட்டும் மாறுச்சால?" என்றான்.

கரண்ட் வந்ததும் மிச்சத்தை அவனே அடித்தான். நான் டீச்சருக்குப் பக்கத்தில் வாசிக்கும் ஆளானேன். அச்சடித்த தாள் சூடு ஆறுமுன் டீச்சர் ஓட, பஸ் நகர்ந்துகொண்டிருக்க, கண்டக்டர் அவரை அப்படியே இழுத்துப் போட்டுக்கொண்டார். யாரும் திருத்திப் பார்க்கவில்லை. நேரம் ஏது?

வைவா தேர்வு முடிந்த பிறகு ஒருநாள் டீச்சர் மாடிப்படிக்குக் கீழே வந்தார். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து என் முன்னால் போட்டார். எங்கு பார்த்தாலும் சிவப்பு வட்டம். வாக்கியத்தின் நடுவில், வார்த்தையின் ஒட்டில், ஆங்கில அணிலின் வாலில், ஒவ்வொன்றிலும் வேண்டாத ஓர் எஸ். எல்லாம் அவர் மூச்சு வாங்கிய இடங்கள்.

"வந்த புரபசர் கேட்டாரு, இது என்ன புது வகை அணிலான்னு."

"என்ன சொன்னீக டீச்சர்?"

"நம்ம பக்கத்துல ஒவ்வொரு அணிலையும் தனித்தனியா சேமிக்கிற ஒருத்தர் இருக்காருன்னேன்."

"பாஸ் போட்டாகளா?"

"போட்டாக" என்றார். மேஜையில் பொட்டலத்தை வைத்தார். பால்கோவா. "திங்குறதுக்குத்தான் தம்பி. இதையும் சேமிச்சுத் தொலைச்சிராதீக."