மஞ்சள் ஜேர்சி

இது என் வீட்டில், என் கைக்கு எட்டும் தூரத்தில் நடந்தது. பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களில் ஒருவர்கூட எங்கள் பன்வில குவாட்டர்ஸில் ஒரு மாலை தனியாக இருக்கச் சம்மதிக்கவில்லை.

1967. எனக்குத் திருமணமாகிச் சில மாதங்கள். என் கணவர் வலன்ரைன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். தோட்டத்துக் கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் கெப்டன், அவர்தான் கோல்கீப்பர். நான் கட்டுகஸ்தோட்டைப் பெண். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி பியட்றிஸ் காய்ச்சலில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

கழகத்தை 1949இல் தொடங்கியவர் கெல்லி என்ற அயர்லாந்துக்காரத் துரை. ஜேர்சிக்குப் பச்சை நிறம் அவர் கொடுத்தது. ஒரு வழக்கமும் அவர் கொடுத்ததுதான். இறுதிப் போட்டிக்கு முதல்நாள், கெப்டன் வீட்டுப் பெண் எல்லா ஜேர்சிகளின் கழுத்துப் பட்டியிலும் உள்பக்கமாகப் பச்சை நூலில் மூன்று தையல் போட வேண்டும். அவருடைய ஊர்க் கழகத்தில் அப்படித்தானாம். துரை 1958இல் கப்பலேறிவிட்டார். நூல் மட்டும் நிலைத்தது.

அந்தக் கழகத்தின் சரித்திரத்தை யார் சொன்னாலும் எனக்கு வயிறு எரியும். 1959இல் கப் வென்றார்கள்; பியட்றிஸ் அக்கா முதன்முதலாகத் தைத்த வருடம். 1961, அக்கா காய்ச்சலோடு தைத்த வருடம். 1962, அக்கா தைத்து முடிக்க விடிந்துவிட்ட வருடம். அவள் போன பிறகு கழகம் இறுதிப் போட்டி வரைக்கும் வரவேயில்லை. அவள் அவர்களுக்கு அக்கா. நான் டீச்சர்.

அந்த வருடம் மறுபடியும் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருந்த மஹ்ரூப் முதலாளி புதிய ஜேர்சிகள் அன்பளிப்பாகத் தந்தார். மற்றவர்களுக்குப் பச்சை, கோல்கீப்பருக்கு மட்டும் வழக்கம்போல மஞ்சள். எல்லாம் கடை மடிப்புக் கலையாத துணி. அவள் கை படாத துணி. இந்தக் கப் வந்துவிட்டால் இனி என் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம். மழை. வலன்ரைன் கிளப் அறைக்குப் போயிருந்தார். பக்கத்துக் குவாட்டர்ஸ் வீரம்மா ஜேர்சி மூட்டையைக் கொண்டுவந்தாள்.

"டீச்சர், மூணு தையல்தான். கூடக் கொறையப் போட்டுறாதீங்க."

"தெரியும் வீரம்மா."

"பியட்றிஸ் அக்கா மஞ்சளத்தான் மொதல்ல தைப்பாங்க. அவங்க ஆளு சட்டையாச்சே." சிரித்தாள்.

"இப்ப என் ஆளு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "நா சும்மா சொன்னேன் டீச்சர்," என்று குடையை விரித்தாள்.

அதனாலேயே மஞ்சளைக் கடைசியாகத் தைத்தேன். மூன்று தையல். முடிச்சுப் போட்டேன். கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குப் போனேன். தொழிற்சாலையின் ஆறு மணிச் சங்கு ஊதியது.

திரும்பி வந்தபோது மஞ்சள் ஜேர்சி மேசையில் விரிந்து கிடந்தது.

கழுத்துப் பட்டியில் நூல் இல்லை.

தைக்க மறந்துவிட்டேனோ என்று விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஊசித் துளைகள் இருந்தன. நூல்தான் இல்லை...

மறுபடியும் தைத்தேன். இம்முறை தையலை இறுக்கினேன். சாரல் அடித்தது. எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அவ்வளவு நேரம்தான்.

நூல் தரையில் கிடந்தது.

எடுத்துப் பார்த்தேன். அது வெட்டிய நூல் அல்ல. கடித்த நூல். முனை ஈரமாக இருந்தது.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை; கோபம். என் கட்டிலில் வேறொருத்தி படுத்திருப்பதைக் கண்டால் வருமே, அந்தக் கோபம். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். மூன்றாவது முறையாக ஊசியைக் கோத்தேன்.

"அவரு இப்ப என்னோட ஆளு," என்றேன். வாய்விட்டே சொன்னேன். வெறும் அறையில்.

மழைச் சத்தம் நின்றது. வெளியே மழை நிற்கவில்லை. சத்தம்தான் நின்றது...

ஒரு தையல்.

இரண்டு.

விளக்கு அணைந்தது.

நறுக்...

என் காதுக்கு அருகில், பல்லால் நூலைக் கடிக்கும் சத்தம்.

மடியிலிருந்த சட்டை மெல்ல நகர்ந்தது. யாரும் பிடுங்கவில்லை. தன் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்பவர்கள் எடுப்பது போல... பொறுமையாக.

விட்டுவிட்டேன்.

வலன்ரைன் வரும்போது நான் வெளி வாசலில் நனைந்துகொண்டிருந்தேன்.

"ஏன் இந்தக் குளிர்ல நிக்கிற?"

"லாம்பு அணைஞ்சிருச்சு."

அவர் உள்ளே போய் விளக்கேற்றினார். ஜேர்சிகள் அழகாக மடித்து அடுக்கியிருந்தன. மஞ்சள் மேலே.

"எல்லாம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு," என்றேன். நான் அதைத் தொடவில்லை. அவர்தான் பைக்குள் வைத்தார்.

மறுநாள் போட்டி முழுவதும் மழை. ஒன்றுக்குப் பூச்சியம், வென்றோம். கடைசியில் வந்த பந்தை வலன்ரைன் சேற்றில் விழுந்து பிடித்தார். எழுந்தபோது சட்டையில் நிறமே தெரியவில்லை. பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஒங்க கை ராசி அக்கா," என்றார்கள். அக்கா என்றார்கள். எத்தனை நாள் காத்திருந்த சொல். என்னால் சிரிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை வீரம்மா தண்ணீர்ப் பீலியடியில் ஜேர்சிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் போனபோது மஞ்சளைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். சேறு போயிருந்தது. துணி நைந்து, வெளுத்து இருந்தது. முழங்கையில் ஓர் ஒட்டு.

"டீச்சர்... இத எங்க எடுத்தீங்க?"

"மஹ்ரூப் முதலாளி குடுத்ததுதானே?"

"இல்ல. இது பழசு. இந்த ஒட்டுப் போட்டது நான்." அவள் குரல் இறங்கியது. "அக்கா கேட்டாங்கன்னு சவப்பெட்டியில அவங்க தலைக்குக் கீழ மடிச்சு வச்சதும் நாந்தான்."

கழுத்துப் பட்டியைத் திருப்பினேன். மூன்று தையல். மங்கிய பச்சை. மண் வாசம் அடித்தது.

புதிய மஞ்சள் ஜேர்சியை வீட்டில் தேடினோம். கிளப் அறையில் தேடினோம். இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்று வேலை விட்டு வந்த வலன்ரைன் முன்னால் அந்தச் சட்டையை வைத்து, வீரம்மா சொன்னதைச் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் கழுத்துப் பட்டியை விரலால் தடவினார்.

"போடும்போதே தெரிஞ்சிச்சு," என்றார்.

"அப்ப ஏன் கழட்டல?"

என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை அவர்.

"சூடா இருந்துச்சு யோசப்பின். யாரோ அப்பத்தான் கழட்டிக் குடுத்த மாதிரி."