மஞ்சள்நீர்ப் பிள்ளை

மஞ்சள் நீர் குடித்த அன்று குருநாதனுக்கு வயது பத்தொன்பது. கிண்ணத்தில் கால்வாசிதான் இருந்தது. ஒரே மடக்கு. கிண்ணத்தைக் கீழே வைத்தபோது அவன் பெயர் வயிரவன், தகப்பன் பெயர் பெத்தபெருமாள் செட்டியார், ஊர் காரைக்குடி. நேமத்தான்பட்டியில் அவனைப் பெற்ற சீதை ஆச்சி, அந்த மடக்கோடு யாரோ ஒரு சொந்தக்காரி ஆகிவிட்டாள்.

பிள்ளை இல்லாத வீட்டுக்கு மஞ்சள் நீர் கொடுத்துத் தத்துப் பிள்ளை கூட்டுவது நகரத்தார் வழக்கம். இரண்டு வீட்டுக்கும் குலக்கோவில் ஒன்றாக இருந்தால் போதும். கைப்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வளர்ந்த பையன் என்றால் வளர்க்கிற பாடு மிச்சம் என்று பெத்தபெருமாள் செட்டியாரே சிரித்துக்கொண்டு சொல்வார். நேமத்தான்பட்டி வீட்டில் தகப்பன் இல்லை. மூத்தவன் இருந்தான், கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். நடுவில் பிறந்தவனைக் கொடுத்தார்கள். அவன் போன மறுமாதம் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. அதற்காகத்தான் இது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

போன புதிதில் "வயிரவா" என்று யாராவது கூப்பிட்டால் அவன் திரும்பமாட்டான். செட்டியார் இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிடுவார். குரலில் கோபம் இருக்காது. நாய்க்குப் பெயர் பழக்குகிறவனின் பொறுமை இருக்கும்.

சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போனால் சீதை ஆச்சியைப் பார்க்கலாம். முதல் வருஷம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய் "ஆத்தா" என்றான். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"வாங்க. வீட்டுல அப்பச்சி, ஆத்தா எல்லாரும் சொகமா இருக்காகளா?"

பெற்ற மகனை வாங்க என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொடுத்த பிள்ளையிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்களோ. அவனுக்கு அது செருப்படி மாதிரி இருந்தது. அவள் தன்னோடு இருந்த உறவை அறுத்துவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டான். பிறகு கார் வந்தது, கல்யாணம் ஆனது, மகன் பிறந்தான். அந்த முடிவு அவனுக்கு வசதியாகவும் ஆகிப்போனது.

செட்டியாரின் அண்ணன் மகன் சொத்தைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனான். வயது மீறியவனைக் கூட்டியது செல்லாது, கூட்டியதும் பேருக்குத்தான், பையன் இன்னும் நேமத்தான்பட்டிப் பிள்ளையாகவே இருக்கிறான் என்பது அவன் வழக்கு. செட்டியாரின் வக்கீல் ஒன்றே ஒன்று சொன்னார்: அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது, நல்லதுக்கும் கெட்டதுக்கும். வயிரவன் மிதிக்கவில்லை.

எழுபதாம் வருஷம் மாசி மாதம், செட்டியார் திடீரென்று, "கொழும்பு போயிட்டு வருவமாடா?" என்றார். வக்கீல் வீட்டைத் தவிர அவர் அவனை எங்கும் கூட்டிப்போனதில்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இலங்கையில் அவருக்குக் கடைகள் உண்டு. அங்கே சேர்ந்த வாடகையை ஊருக்குக் கொண்டுவர அந்த அரசாங்கம் விடாது. அங்கேயே இருந்து தின்றுதான் தீர்க்க வேண்டும்.

கொழும்புக்குத் தெற்கே, கடலை ஒட்டிப் புதிதாகக் கட்டியிருந்த ஹோட்டல் அது. அறைக்கு முன்னால் தாழ்வாரம், தாழ்வாரத்துக்கு முன்னால் புல், புல்லுக்கு அப்பால் சாய்ந்த தென்னைகள், பிறகு கடல். காலையில் போனால் சாயங்காலத்துக்குள் படுக்கை விரிப்பை மாற்றிவிடுகிறார்கள். அறையில் குளிர்க்காற்று வந்துகொண்டே இருக்கிறது. மெத்தையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வெள்ளைக்காரர்கள் அரைகுறைத் துணியோடு மணலில் கிடந்து தங்களைத் தாங்களே வறுத்துக்கொண்டிருந்தார்கள். செட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரம்பு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் விலை கேட்கிறவர் மாதிரி பார்த்தார்.

"கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு குளத்த வெட்டி நீல வண்ணம் அடிச்சிருக்கான் பாத்தியா. வெவரமான பய."

வயிரவன் சிரித்தான். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பது அதுதான் முதல் தடவை. ஹோட்டல் மானேஜரிடம் அவர் "மை சன்" என்று சொன்னதை அவன் இரண்டு நாளாக மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் செட்டியார் தூங்கப் போன பிறகு, பழத்தட்டைக் கொண்டுவந்த பரிசாரகன் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"குருநாதண்ணே."

வயிரவன் நிமிர்ந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. முகம் மட்டும் ஊர் முகம்.

"என்னையத் தெரியலையா? சபியுல்லா, அண்ணே. பள்ளிக்கூடத்துல ஒங்களுக்கு ரெண்டு கிளாஸ் கீழ. எங்க அத்தா ஒங்க தெருவுல துணி விக்க வருவாக."

"அட, நீயாப்பா? டையெல்லாம் கட்டிக்கிட்டு தொரை கணக்கா இருக்கியே."

"தொரைக்குத் தட்டுக் கழுவுற தொரை." சிரித்தவன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "நேத்தே பாத்தேண்ணே. பெரியவுக இருந்தாக, பேசல. ஊருக்குப் போற வழியிலதான இருக்கீக? பிளேன் கெடைக்கலையா?"

"ஊருக்கா? இப்பத்தானய்யா வந்தோம்."

சபியுல்லா அவனை ஒரு மாதிரி பார்த்தான்.

"ஒங்க ஆத்தா படுக்கையில கெடக்காகள்ல. நான் போன வாரந்தான் லீவு முடிஞ்சு வந்தேன். கெளம்புறப்ப எட்டிப் பாத்துட்டு வந்தேன். கஞ்சி எறங்கல. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், குரு வந்துட்டானா, குரு வந்துட்டானாங்குறாக. ஒங்க அண்ணன் காரைக்குடிக்குப் போயி பெரியவுககிட்டச் சொல்லிட்டு வந்ததாச் சொன்னாரே."

கடற்கரையில் யாரோ பந்தை எறிந்து கூச்சல் போட்டார்கள். வயிரவன் பப்பாளித் துண்டைக் கையில் எடுத்திருந்தான். அதைத் தட்டில் வைத்தான்.

செட்டியார் தூங்கி எழுந்து, முகம் கழுவி, தாழ்வாரத்துக்கு வரும்வரை காத்திருந்தான்.

"அப்பச்சி, நேமத்தான்பட்டியில ஒடம்புக்கு முடியலையாம்."

"ஆமா."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"கெளம்புறதுக்கு மொத நாளே தெரியும். அதான் கூட்டிட்டு வந்தேன்."

மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. துண்டால் காதைத் துடைத்துக்கொண்டார். அங்கே இருந்தால் இவன் மனசு கேட்காது, யாராவது இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நடுவில் கடல் இருந்தால் நல்லது என்று நினைத்ததாகச் சொன்னார்.

"பாத்துட்டு மட்டும் வந்துர்றேன் அப்பச்சி."

"பாக்கப் போனவன் எவன்டா பாத்துட்டு மட்டும் வந்திருக்கான்? உசிரு போகும். நீ மாரடிச்சு அழுவே. பாடைக்குத் தோள் குடுப்பே, மொட்டை போடுவே. அந்த மொட்டையத்தான் எங்க அண்ணன் மகன் கோர்ட்டுல காட்டுவான், பாருங்கய்யா இது யாரு பிள்ளைன்னு."

செட்டியார் உள்ளே போனார். திரும்பி வந்து அவனுடைய பாஸ்போர்ட்டையும் விமானச் சீட்டையும் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"நான் என்ன உன்னையக் கட்டியா போட்டிருக்கேன்? இந்தா. போறதுன்னாப் போ. கேசு போகும். போனாப் போகுது. எனக்கு வேற பிள்ளை கெடைக்கும். உனக்கும் ஒம் மகனுக்கும் வேற பெத்தபெருமாள் கெடைக்கணும்ல?"

சொல்லிவிட்டு மணியடித்து, தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகிற ஹோட்டல் வண்டியில் சபியுல்லா ஓர் இடம் பேசி வைத்திருந்தான். டிரைவருக்குத் தன் கைக்காசைக் கொடுத்திருந்தான். திருச்சி விமானம் மத்தியானம். திருச்சியில் ஒரு கார் பிடித்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு நேமத்தான்பட்டி.

வயிரவன் குளித்து, சட்டை மாற்றி, பையைக் கட்டினான். பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனான். செட்டியார் முன்பே உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்தார். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் தகடு மாதிரி கிடந்தது. சுட்ட ரொட்டி வந்தது, வெண்ணெய் வந்தது, முட்டை வந்தது. வயிரவன் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பதுதான் மிச்சம்.

வாசலில் வண்டியின் ஹார்ன் கேட்டது. சபியுல்லா வந்து குனிந்தான்.

"அண்ணே, வண்டி நிக்கிது. அவுக ஏறிட்டாக."

வயிரவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் முகம் ஞாபகத்துக்கு வரும் என்று எதிர்பார்த்தான். காரைக்குடி வீட்டின் சாவிக்கொத்துதான் வந்தது. மகன் தூங்குகிற தேக்குக் கட்டில் வந்தது. நேமத்தான்பட்டியில் மழைக்கு ஒழுகுகிற பின்கட்டு வந்தது. அங்கே இனி ஒரு ராத்திரிகூடத் தன்னால் படுக்க முடியாது என்பது அவனுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"அண்ணே."

"இன்னும் ரெண்டு ரொட்டி கொண்டா."

சபியுல்லா உடனே நகரவில்லை. பிறகு போனான். ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். ஹார்ன் மறுபடி அடித்தது. அப்புறம் சரளைக்கல் நெரிபடும் சத்தம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. செட்டியார் ஜாம் சீசாவை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கொழும்புக் கடைக் கணக்கப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். செட்டியாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். செட்டியார் மணலில் நடந்து வயிரவனிடம் வந்தார்.

"முடிஞ்சிருச்சாம். நேத்துச் சாயங்காலம் எடுத்துட்டாக."

வயிரவன் எழுந்து நின்றான்.

"கொடுத்த பிள்ளைக்குப் பெரிசாத் தீட்டு ஒண்ணும் கெடையாது. கடல்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு வா. அத்தோட தீந்துச்சு."

வேட்டியோடு இறங்கினான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை ரப்பர் வளையத்துக்குள் மிதந்துகொண்டு அவனைப் பார்த்துக் கையாட்டியது. அவன் முங்கி எழுந்தான். மூக்கில் தண்ணீர் ஏறி இருமல் வந்தது. கரையிலிருந்து செட்டியார் போதும் போதும் என்று கையைக் காட்டினார். அறை ஞாயிற்றுக்கிழமை வரை பேசியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தார்கள். அவர்கள் மேசைக்கு இப்போது ஒரு சிங்களப் பையன் பரிமாறினான். சபியுல்லா கூடத்தின் மறுகோடியில் நின்று கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எழுபத்து நாலில் வழக்கு விசாரணைக்கு வந்தது. வயிரவனைக் கூண்டில் ஏற்றினார்கள். வழக்குப் போட்ட பங்காளி தரப்பில் சாட்சி சொல்ல வந்திருந்த நேமத்தான்பட்டி அண்ணன் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சீதை ஆச்சி இறந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று அவன் தரப்பு வக்கீல் கேட்டார். இலங்கையில், கடற்கரை ஹோட்டலில் என்றான். ஏன் போகவில்லை என்றார். எனக்குத் தாய் உமையாள் ஆச்சி, செட்டியாரின் மனைவி. அவர் வீட்டில் நன்றாக இருக்கிறார் என்றான். இதுவரை வக்கீல் சொல்லிக் கொடுத்தது.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உடம்பு சரியில்லை என்று முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்."

"வந்திருக்க முடியுமா?"

"முடியும். வண்டி வந்து நின்னுச்சு."

"யாராவது தடுத்தார்களா?"

வயிரவன் செட்டியாரைப் பார்த்தான். பின்பெஞ்சைப் பார்த்தான். யார் பெயரைச் சொல்லலாம் என்று உண்மையாகவே தேடினான்.

"இல்லைங்க. யாரும் தடுக்கல."

நீதிபதி எழுதிக்கொண்டார். தீர்ப்பு வயிரவன் பக்கம். யாரும் தடுக்காமலே, பெற்றவளின் சாவுக்குப் போகாமல் இருந்த ஒருவன் அந்த வீட்டுப் பிள்ளை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை என்று அதில் இருந்தது. வாசலில் செட்டியார் எல்லோர் முன்னாலும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் போனான்.

அந்த வருஷக் கடைசியில் குடும்பத்தோடு மறுபடியும் அந்த ஹோட்டலுக்குப் போனார்கள். போகலாமா என்று முதலில் கேட்டவன் வயிரவன்.