நாலு நாள் மாட்டுவண்டியும் ஒரு பேரும்

கட்டினவன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கப்பலேறி ரங்கூனுக்கு வந்து ஆறு வருஷம் குடித்தனம் பண்ணியும், என் வீட்டுக்காரர் பேரை ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. 'ஏங்க', 'இந்தாங்க' என்றே காலம் ஓடிப்போச்சு.

ரங்கூன் போட்டாதாங் கப்பல் துறையில் மூட்டை தூக்கின மனுஷர். அங்கே வேலை குறைந்ததும், ஆற்றுக்கு அந்தாண்டை இருக்கிற தீவுக்கு நெல்லறுக்கப் போனார். பொங்கலுக்கு வந்துவிடுகிறேன் என்றார். மாசி பிறந்தும் ஆளைக் காணோம். எங்கள் சந்தில் மோஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேவை விற்கிற பர்மாக்கார அக்காதான், "அழுதுக்கிட்டு உட்கார்ந்தா ஆச்சா? வா, நானும் வாறேன்" என்று கிளம்பினாள். அவளுக்கு அரைகுறைத் தமிழ், எனக்கு அரைகுறை பர்மா.

சம்பான் படகில் ஆறு தாண்டி மாட்டுவண்டி பிடித்தோம். முதல் நாள் தங்கின பண்ணையில் சோறு போட்டு, பாயும் விரித்துக் கொடுத்தார்கள். பண்ணைக்காரர், "தீவு பூரா தமிழாட்கள் இருக்காங்க. பேரைச் சொல்லு, வயலுக்கு வயல் கூவிவிட்டா ஒரே நாள்ல தெரிஞ்சிடும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, உயரமா இருப்பார், புருவத்தில் தழும்பு இருக்கும் என்றேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "பேரைச் சொல்லேன்டி!" அவளுக்கும் தெரியாது, சந்தில் அவரை எல்லாரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். புறப்படுகிறதுக்கு முன்னே பேர் தெரிந்த ஓர் ஆம்பளையை விட்டு அதை அவள் காதில் போடச் சொல்லியிருக்கலாம். என் பாழாய்ப்போன புத்திக்குத் தோணவே இல்லை.

அதனால் பண்ணை பண்ணையாகப் போய் முகம் பார்த்துத் தேடினோம். இரண்டாம் நாள் மத்தியானம் ஓர் இடிந்த கோயில் மேடு வந்தது. எந்த ராஜா கட்டினதோ! செங்கல் சரிந்து, சுவருக்குள் ஆலமரம் புகுந்து, தலை போன புத்தர் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். என் வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் வரக்கூடாது சாமி என்று நானும் வேண்டிக்கொண்டேன். நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றோம். "உன் புருஷனைப் பார்த்ததும் முதல்ல அவர் பேரைத்தான் கேப்பேன்" என்று அக்கா கேலி பண்ணினாள். சிரித்தேனே, பாவி.

நாலாம் நாள் முதல் பண்ணைக்கே திரும்பினோம். பண்ணைக்காரர் பெண்சாதி வாசலில் நின்றாள். அந்தக் கோயில் மேட்டுக்குப் பின்னால், களத்துக் குடிசையில் ஒரு தமிழாள் காய்ச்சலில் கிடந்து முந்தாநாள் சாயங்காலம் போய்விட்டாராம். புருவத்தில் தழும்பாம். யாரைக் கண்டாலும் தன் பேரைச் சொல்லி, ரங்கூனுக்குத் தகவல் அனுப்பச் சொன்னாராம். பேரையும் சொன்னாள். அவர் பேர்தான்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா காட்டியிருப்பாங்களேம்மா" என்றார் பண்ணைக்காரர்.

மேட்டுக்கு இந்தப்புறம் நாங்கள் சோறு தின்றபோது அந்தப்புறம் அவர் உயிரோடு கிடந்திருக்கிறார். ஒரு வாய் தண்ணியாவது என் கையால் கொடுத்திருப்பேனே! ஆயுசைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மண்ணில் விழுந்து, அவர் பேரைச் சொல்லி, தொண்டை கிழியக் கூப்பிட்டேன். மறுபடி மறுபடி கூப்பிட்டேன். அக்கா என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

"இதுதானா பேர்?" என்றாள்.

"இதுதான்க்கா" என்றேன்.